இறங்கும் கோடும் ஏறும் கோடும்

பாசத்துக்கும் மதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மூட்டுவலியும் வழக்கம்போல் இருக்கிறோம். கடிதம் என்றால் அடுத்தபடி உங்கள் சௌக்கியத்தை விசாரிக்க வேண்டும். அது எந்த நிலையில் இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை என் தங்கை தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டபின் இரண்டு நாளாக வேறு வேலை ஓடவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தில் 'இதயம்: அஞ்சத் தேவையில்லை' என்ற தலைப்பில் பேச ஒப்புக்கொண்டு, அதற்காக ஒரு பெரிய சார்ட் வரைந்திருந்தேன். நாட்டின் சுகாதாரத் துறை வெளியிட்ட முப்பது ஆண்டுப் புள்ளிவிவரம். இதய நோயால் இறந்தவர்களுக்கு நீலக் கோடு, இதய நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குச் சிவப்புக் கோடு. நீலம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வருகிறது. சிவப்பு ஏறிக்கொண்டே போகிறது. ஒத்திகைக்காக அதைக் கூடத்துச் சுவரில் மாட்டித் தர வந்த நீங்கள், வாயில் வைத்திருந்த இரண்டு ஆணிகளையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "ஏன் மச்சான், சாவுறவங்க கம்மியாயிட்டே வர்றாங்கன்னா, ஆஸ்பத்திரியில கூட்டம் மட்டும் ஏன் ஏறிட்டே போகுது?"

நல்ல கேள்வி. அந்தச் சார்ட்டை வரைந்த பதினோரு நாளில் எனக்கே தோன்றாத கேள்வி. "தெரியலையே மாப்பிள்ளை, பார்த்துச் சொல்றேன்" என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்தெட்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? எங்களிடம் கேள்வி ஒன்று வந்துவிட்டால் மணி அடிப்பதற்குள் விடை சொல்லியாக வேண்டும். சரியான விடை கையில் இல்லாவிட்டால் உதாரணம் ஒன்று சொல்லிச் சமாளிப்போம். நீங்கள் லிப்ட் மெக்கானிக் என்பதால் உதாரணத்தை உங்கள் தொழிலிலிருந்தே எடுத்தேன்.

"முன்னாடியெல்லாம் லிப்ட் முரண்டு பண்ணா ஜனங்க பேசாம படியில ஏறிப் போனாங்க. இப்ப உள்ளயே போன் நம்பர் ஒட்டியிருக்கீங்க. விளக்கு மினுக்குனாலும் கூப்பிடுறாங்க. புகார் கூடுதுன்னா லிப்ட் கெட்டுப்போச்சுன்னா அர்த்தம்? பயம் கூடிப்போச்சுன்னு அர்த்தம். ஆஸ்பத்திரியிலயும் அதே கதைதான். நோய் குறையுது, பயம் கூடுது. பாதிப் பேர் சும்மா போய்ப் படுத்துக்குறாங்க மாப்பிள்ளை."

நீங்கள் சார்ட்டைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மச்சான்" என்று சொல்லி ஆணிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டீர்கள். பாடம் புரிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இனி நடந்தது உங்களுக்கும் தெரியும். ஆனால் நீங்கள் அன்று வலியில் இருந்தீர்கள், பாதி விஷயம் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. தவிர, தப்புச் செய்தவன் அதை முதலிலிருந்து முழுசாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ பிள்ளைகளை உட்கார வைத்து எழுத வைத்தவன் நான். இன்று என் முறை. சொற்பொழிவு அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை பத்தரைக்கு. அன்று என் தங்கை, தான் ஓட்டும் பள்ளி வேனை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றப் போகிற வழியில் உங்களை என் வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பி வந்து, சார்ட்டையும் நம் இருவரையும் அரங்கத்தில் கொண்டுபோய் இறக்குவதாக ஏற்பாடு. ஊரில் உள்ள லிப்டையெல்லாம் ஓட வைக்கிற மனிதர், லிப்ட் இல்லாத என் கட்டடத்தில் இரண்டு மாடி ஏறி வந்தீர்கள். சார்ட்டை மரச்சட்டத்தோடு கழற்றித் தோளில் சாய்த்தீர்கள். அடுத்த நிமிடம் அதைச் சுவரோரம் வைத்துவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தீர்கள்.

"மச்சான், நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு."

"எப்ப இருந்து?"

"இப்பதான். இடது கை வேற கடுக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நாற்பது. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனாக இருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார். தெருமுனைப் பூட்டுக்காரராக இருந்தால் உங்களை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். நான் மேசை இழுப்பறையைத் திறந்து வரைபடத் தாளை எடுத்தேன்.

"அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. ஒரே ஒரு புள்ளிய வெச்சுக் கோடு போட முடியாது. போக்கு என்னன்னு தெரியணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேக்குறேன், வலி பத்துக்கு எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க."

"எட்டு" என்றீர்கள். அச்சுகளுக்குப் பெயர் எழுதினேன். குறுக்கே நேரம், நெடுக்கே வலி. அளவுத்திட்டம் எழுதினேன். பென்சில் முனை உடைந்தது, சீவினேன். எட்டு ஐம்பதுக்கு "ஏழு" என்றீர்கள். ஒன்பதுக்கு "ஆறு, இல்ல, ஏழா..." என்று இழுத்தீர்கள். "தோராயமா சொல்லாதீங்க, ஆறரைன்னு வெச்சுக்கலாமா?" என்று நானே உங்கள் வலியைக் கிட்டிய அரை எண்ணுக்குத் திருத்தினேன். ஒன்பது பத்துக்கு உங்கள் நெற்றி வேர்வை தாளில் சொட்டி ஒரு புள்ளி கலைந்துவிட்டது. அதைக் கவனமாக அழித்து மறுபடி வைத்துவிட்டு, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க மாப்பிள்ளை, தாள் நனையுது" என்று சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். அதற்குப்பின் ஆறு, ஐந்து, நான்கு, மூன்று என்று நீங்கள் சொல்லச் சொல்ல, கரும்பலகையில் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். எத்தனை புள்ளி என்று இப்போது எண்ணினால் ஏழு; ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒருமுறை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பதிலே சொல்லவில்லை, அதை நான் 'விடுபட்டது' என்று குறித்து வைத்திருக்கிறேன். அளவுகோலை வைத்துப் புள்ளிகளை இணைத்தேன். அழகான கோடு. அதை எடுத்துக்கொண்டு போய்ச் சார்ட்டில் நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன்: "பாத்தீங்களா, நாட்டோட கோடு எப்படி இறங்குதோ அப்படியே இறங்குது!"

அந்த நேரத்தில்தான் என் தங்கை உள்ளே வந்தாள்.

"என்னண்ணா இது, இவர் ஏன் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்காரு?"

"ஒண்ணுமில்லம்மா. மூணுக்கு வந்துடுச்சு."

"எது மூணுக்கு வந்துச்சு?"

தாளைக் காட்டினேன். அவள் தாளைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறந்து பேச ஆரம்பித்த நாள் முதல் என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவள், அன்று கூப்பிடவில்லை. "தூக்குங்க" என்றாள். நான் வரைபடத்தைத் தூக்கினேன். "ஐயோ, அவரத் தூக்குங்கன்னா!" என்று கத்தினாள்.

பள்ளி வேனில் பிள்ளைகளுக்கு அளவெடுத்துப் போட்ட இருக்கை. உங்கள் முழங்கால் தாடையில் இடிக்க, நான் உங்களைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் மண்டி போட்டிருந்தேன். வேனின் கூரைமேல் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே வந்ததால், பிள்ளைகள் இறங்குகிறார்கள் என்று நினைத்து, வழிவிட வேண்டிய வண்டிகளெல்லாம் மரியாதையாக நின்றுகொண்டிருந்தன. மருத்துவமனை வாசலில் காவலாளி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஓடிவந்தார். "கடவுளே, எத்தன பிள்ளைங்கம்மா?" என்றார். "ஒரே பிள்ளைதான். அறுபத்திரண்டு வயசு. கதவத் திறங்க" என்றாள் என் தங்கை.

அவசரப் பிரிவில் இளம் டாக்டரம்மா ஒருவர், "வலி எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார். "எட்டு நாற்பது" என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி ஐந்து நிமிடம். "இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?" வரைபடத்தை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆரம்ப நேரத்த இவ்வளவு துல்லியமா இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட சொன்னதில்ல சார்" என்றார். மாப்பிள்ளை, ஒரு கண நேரம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, "நன்றி" என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. அதை நான் கவனித்தேன் என்று நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். நர்ஸம்மா உங்கள் கையில் ஊசி குத்திக்கொண்டே, "ஐயா, வலி பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டார். நீங்கள் பதில் சொல்லுமுன் படுக்கையின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்த என் முகத்தைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, "மூணு" என்றீர்கள். அந்த அம்மாள் வேலை தெரிந்தவர். என் தோளைப் பிடித்துத் திருப்பி, "நீங்க வெளிய இருங்க சார்" என்று அனுப்பிக் கதவைச் சாத்தினார். கதவுக்கு அப்பால் அதே கேள்வி கேட்டது. பிறகு உங்கள் குரல்: "ஒன்பது."

ஒன்பது. காலையிலிருந்தே ஒன்பதாகத்தான் இருந்திருக்கும். நான் தாளில் வைத்ததெல்லாம் என் தலையாட்டலின் புள்ளிகள். அந்த நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நான் என் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டேன். 'ஏழெட்டு?' என்று கேட்பேன். 'அம்பத்திநாலு' என்று தொடங்கும் பிள்ளை. என் புருவம் கொஞ்சம் ஏறும். 'இல்ல சார், அம்பத்தாறு.' 'உட்கார்' என்பேன், பெருமையாக. வாய்ப்பாடு படித்த பிள்ளைகள் எத்தனை பேர், என் புருவத்தைப் படித்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று இனி யாரிடம் போய்க் கேட்பது?

அரங்கத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். 'இதயத்துக்கு அஞ்சத் தேவையில்லை என்று பேச இருந்தவர், மைத்துனரின் நெஞ்சுவலியால் மருத்துவமனையில் இருக்கிறார்' என்று தலைவர் மேடையில் அறிவித்தாராம். பன்னிரண்டு பேர் அப்போதே எழுந்துபோய் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டார்களாம். இரண்டு பேருக்கு மாத்திரை தொடங்கியாயிற்று. நான் பேசியிருந்தால் அந்த இரண்டு பேரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள்.

அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள், நீங்கள் பிழைத்தீர்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கோபமில்லாமல்தான் சொன்னார்: "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா இதயத் தசை இன்னும் கொஞ்சம் தப்பிச்சிருக்கும்." அந்த ஒரு மணி நேரம் என் இழுப்பறையில்தான் இருக்கிறது, அளவுத்திட்டத்தோடு. மொட்டைமாடி இயந்திர அறைவரை ஏணியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தவரை இப்போது கம்பெனியில் கீழ்த்தளத்து மேசையில் உட்கார வைத்து, புகார் போன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை உங்கள் வீட்டுக்கு வந்தேன். இரண்டு தடவையும் நீங்கள் "வாங்க மச்சான், உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, என் மூட்டுவலியை விசாரித்தீர்கள். நான் மூட்டுவலியைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விஷயம். உங்கள் கால் இரண்டும் வீங்கியிருக்கிறதாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி தூங்குகிறீர்களாம். "ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வரமாட்டேங்கிறாருண்ணா. மறுபடி போய்ப் படுத்தா உங்கண்ணன் சார்ட்டுல அந்தச் செகப்புக் கோட்ட நானே தூக்கிவிட்ட மாதிரி ஆயிடும்ங்கிறாரு" என்று என் தங்கை சொன்னாள். மாப்பிள்ளை, என் பாடம் இன்னும் உங்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதை நானே வந்து அழித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன். இந்தத் தடவை படித்துப் பார்த்து, கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு பதிவேடு உண்டு. ஒரு பிள்ளை படிப்பையே விட்டுப் போனால் மாற்றுச் சான்றிதழ் பதிவேட்டில் ஒரே ஒரு தடவை பெயர் ஏறும், அதோடு முடிந்தது. தாமதமாக வந்தால் இன்னொரு பதிவேடு. அதில் ஒரே பிள்ளையின் பெயர் வருடத்தில் நாற்பது தடவைகூட ஏறும். எங்கள் பள்ளியில் ஒரு காலத்தில் நின்றுபோகிற பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள், தாமதப் பதிவேடு மட்டும் தடித்துக்கொண்டே போனது. புதிதாக வந்த தலைமையாசிரியர் ஒழுங்கு கெட்டுவிட்டது என்று குதித்தார். அலுவலக எழுத்தர்தான் இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முன்பு நின்றே போயிருக்கக்கூடிய பிள்ளைகள் இப்போது நிற்காமல் வருகிறார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு, மூச்சிரைக்க, முதல் மணி அடித்தபின் வருகிறார்கள். ஆனால் வருகிறார்கள். சிவப்புக் கோடும் அப்படித்தான். மனிதன் ஒரு தடவைதான் சாகிறான், மருத்துவமனைக்குப் பல தடவை போகலாம். முப்பது வருடத்துக்கு முன்னால் முதல் வலியிலேயே நீலக் கோட்டில் போய்ச் சேர்ந்திருக்கக்கூடியவர்கள், இன்று பிழைத்து, வயதாகி, கால் வீங்கி, மறுபடி மறுபடி போய்ச் சேர்ந்து, மறுபடி மறுபடி வீட்டுக்கு வருகிறார்கள். ஜனங்கள் சிகரெட்டைக் குறைத்ததும் ரத்த அழுத்த மாத்திரையும் தங்கள் பங்கைச் செய்திருக்கின்றன, அதை மறைக்கவில்லை. ஆனால் நீலம் இறங்குவதற்குச் சிவப்பு ஏறியதும் ஒரு காரணம். இரண்டு கோட்டையும் எதிரிகள் மாதிரி வரைந்து வைத்தது என் தப்பு.

இன்னொரு தப்பும் உண்டு. வகுப்புச் சராசரி எழுபத்திரண்டு என்றால் கடைசி பெஞ்சுக்காரன் தேறிவிட்டான் என்று அர்த்தமில்லை. இதை வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தவன், நாட்டின் கோடு இறங்குகிறது என்பதற்காக உங்கள் நெஞ்சும் அதன்படி நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அந்தக் கோட்டில் லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள். என் தங்கைக்கு நீங்கள் ஒருவர்தான்.

ஆகவே என் விடை தப்பு, உங்கள் கேள்வி சரி. சிவப்புக் கோட்டில் ஒரு புள்ளியாகப் போய்ச் சேருங்கள். நூறு தடவையானாலும் சேருங்கள். அந்தக் கோடு உங்களால் கூரையை முட்டினாலும் நான் ஸ்டூல் போட்டு ஏறி இன்னொரு தாள் ஒட்டுகிறேன். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே கிளம்புங்கள்.

நீங்களும் என் தங்கையும் நிறைய வருடங்கள் ஒருவரையொருவர் கேலி பண்ணிக்கொண்டு வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

என்றும் உங்கள் அன்பை நம்பியிருக்கும்,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, உறையில் போடுமுன், இன்று காலை தங்கைக்குப் படித்துக் காட்டலாம் என்று கூப்பிட்டேன். முதல் பக்கம்கூடத் தாண்டவில்லை.

"அண்ணா, இவர நேத்துக் காலையிலயே சேர்த்தாச்சு. நீர் இறங்க ஊசி போட்டுருக்காங்க. ராத்திரி ஒரே தலையணைதான். குறட்டை வேற."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"வரைபடத் தாளோட வந்துடுவீங்கன்னுதான்."

"வரமாட்டேன்னு அடம் பிடிச்சாரே? அந்தச் செகப்புக் கோடு..."

"அது கிண்டலுக்குச் சொன்னதுண்ணா. நீங்க லிப்ட் கதை சொன்ன அன்னைக்கே வேன்ல வரும்போது சிரிச்சாரு. அந்தப் போன் நம்பர் ஒட்டுன பிறகுதான் லிப்ட்ல யாருக்கும் அடிபடறதே இல்லையாம். ஜனங்க கூப்பிடுறாங்க, இவங்க போய்ப் பாக்குறாங்க. 'மச்சான் உதாரணத்தச் சரியாத்தான் சொன்னாரு, விடையத்தான் மாத்திச் சொல்லிட்டாரு'ன்னாரு."

"அப்ப என்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா!"

"நீங்க அவ்வளவு ஆசையா சார்ட் போட்டு வெச்சிருந்தீங்களாம். மனசு கேக்கலயாம்."

"சரி, இந்தத் தடவை ஏன் தள்ளிப்போட்டாரு?"

"பரீட்சை வாரம்ணா. என் வேனுக்கு மாத்து டிரைவர் இல்ல. எனக்கு சிரமம்னு, ஞாயித்துக்கிழமை நான் பாக்குற வரைக்கும், ஒரு வாரமா வீங்குன கால சாக்ஸுக்குள்ள மறைச்சு வெச்சுட்டு, நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு சொல்லிட்டே இருந்திருக்காரு."

ஆகவே மாப்பிள்ளை, இத்தனை பக்கமும் வீண். பதிவேட்டு உதாரணத்தை விட்டுவிடுங்கள், அதற்கு உங்கள் லிப்டே மேல். என் பாடத்தை நீங்கள் ஒருநாளும் நம்பியதில்லை; எங்களில் யார் மனதையும் நோகடிக்கக் கூடாது என்பது மட்டும்தான் உங்கள் வியாதி. அதற்கு அங்கே வார்டு இல்லை. மத்தியானம் தங்கை இதைக் கொண்டுவந்து தருவாள். நாலு மணிக்கு நான் வருகிறேன், வெறுங்கையோடு. வந்ததும் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். கேட்டதும் என் முகத்தைப் பார்க்காதீர்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, உள்ளபடி சொல்லுங்கள்.